தண்ணீர் ஊற்றும் முன் செடியைப் பாருங்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாடித்தோட்டம் போட்ட முதல் ஆண்டு. என்னிடம் இருந்த தக்காளிச் செடி ஒன்று திடீரென்று இலைகளைத் தொங்கப்போட்டது. வாடுகிறது என்று நினைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் தொங்கியது. இன்னும் ஊற்றினேன். நான்காம் நாள் பையைக் கவிழ்த்துப் பார்த்தால் மண்ணில் சாக்கடை வாடை. வேர்கள் பழுப்பேறி, விரலால் இழுத்ததும் மேல்தோல் உறையைப் போல் கழன்று வந்தது. அந்தச் செடிக்குத் தண்ணீர் கூடிப்போயிருந்தது. அதற்கான அடையாளத்தை அது முதல் நாளே காட்டிவிட்டது. எனக்குத்தான் அதைப் பார்க்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு, உரம், மருந்து, தண்ணீர் என்று எதைக் கையில் எடுக்கும் முன்பும் செடி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கப் பழகினேன். அந்தப் பழக்கம் வருவதற்கு நான் செய்து பார்த்தவற்றை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். பெரும்பாலானவை சமையலறைப் பயறிலும் கண்ணாடி டம்ளரிலும் முடிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். செடியால் எழுந்து நடக்க முடியாது. அதனால் அது அசைவதற்கு இரண்டே வழிகள். ஒன்று, ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வளர்ந்து வளைவது. இன்னொன்று, செல்களுக்குள் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ விறைப்பதும் தளர்வதும். வளர்ந்து வளைந்தது அப்படியே நின்றுவிடும். தண்ணீரால் அசைந்தது திரும்பப் பழைய நிலைக்கு வரும். ஒரு செடியில் எதைப் பார்த்தாலும் ‘இது வளர்ச்சியா, தண்ணீரா?’ என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வேண்டியவை

பச்சைப்பயறு ஒரு கைப்பிடி, முழுக் கோதுமை கொஞ்சம், கண்ணாடி டம்ளர் இரண்டு, காலி அட்டைப்பெட்டி ஒன்று, சாக்லேட் சுற்றி வரும் அலுமினியத் தாள், அழியாத மை பேனா, ஒரு நோட்டு. போனில் டைம்லேப்ஸ் எடுக்கும் வசதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

எப்போதும் இரண்டு தொட்டிகள் வையுங்கள். ஒன்றில் மாற்றம் செய்யுங்கள், இன்னொன்றை அப்படியே விடுங்கள். மாற்றமும் ஒரே ஒன்றாக இருக்கட்டும். இடத்தை மாற்றி, உரமும் போட்டு, தண்ணீரையும் குறைத்துவிட்டுப் பிறகு செடி தேறினால் எதனால் தேறியது என்று யாராலும் சொல்ல முடியாது. நோட்டில் தேதியும் நேரமும் முக்கியம். ‘மாலை’ என்று எழுதாதீர்கள், ‘5.40’ என்று எழுதுங்கள்.

முதல் படி: இருட்டில் வளர விடுங்கள்

பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து இரண்டு சிரட்டைகளில் ஈர மண்ணில் விதையுங்கள். ஒன்று ஜன்னலோரம், மற்றொன்று மூடிய அலமாரிக்குள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் தெளியுங்கள்.

மதுரை, இராமநாதபுரம் பக்கத்தவர்களுக்கு இதன் முடிவு ஏற்கெனவே தெரியும். அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவது இப்படித்தான். எங்கள் அப்பத்தா ஓட்டில் எருவும் வைக்கோலும் பரப்பிப் பயறு விதைத்து, இருட்டறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். நாங்கள் எட்டிப் பார்த்தால், “வெளிச்சம் பட்டா பச்சையாகிரும், கதவை மூடு” என்பார். ஊர்வலத்தன்று வெளியே எடுக்கும்போது முளைகள் வெளிர் மஞ்சளாக, முழங்கை உயரத்துக்கு, மெலிந்து நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.

உங்கள் அலமாரியில் நான்காம் நாள் ஒரு முளையை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். தண்டு வெளுத்திருக்கும். உச்சி நிமிர்ந்திருக்காது, தூண்டில் முள்போல் மடங்கியிருக்கும். இலைகள் கைகூப்பியபடி மூடியிருக்கும். இதைச் சீக்கு என்று நினைக்க வேண்டாம். முளை, தான் இன்னும் மண்ணுக்கு அடியில் இருப்பதாகக் கருதி வளர்கிறது. அந்தக் கொக்கி, மென்மையான குருத்து மண்ணில் உரசாமல் தண்டின் வளைவு மண்ணைத் துளைத்துக்கொண்டு போவதற்கான ஏற்பாடு. இலையை விரிக்கவும் பச்சையம் உண்டாக்கவும் செலவழிக்காமல், விதையில் இருக்கும் சேமிப்பு முழுவதையும் உயரம் போவதில் போடுகிறது. எப்படியாவது வெளிச்சத்தை எட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அதன் கவலை.

இப்போது அதை ஜன்னலுக்குக் கொண்டுவாருங்கள். அன்றைக்கே கொக்கி நிமிரத் தொடங்கும், இலை விரியும், மறுநாளுக்குள் பச்சை ஏறும். வெளிச்சம் வந்துவிட்டது என்று அதற்குச் சொன்னது பைட்டோகுரோம் என்ற நிறமி. சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டிய அகச்சிவப்பு ஓர ஒளி பட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும்.

இதில் தோட்டக்காரர்களுக்கு ஒரு நேரடிப் பயன் உண்டு. பச்சை இலை சிவப்பு ஒளியைக் குடித்துவிட்டு அந்த ஓர ஒளியை வெளியே விடுகிறது. அதனால் பக்கத்தில் வேறு செடிகள் நெருக்கி நின்றால், நிழல் விழுவதற்கு முன்பே செடிக்குத் தெரிந்துவிடும். உடனே உயரத்துக்கு ஓடும். நாற்று ஒல்லியாக, கணுக்களுக்கு இடையே நீளமாகப் போகிறதா? உரம் போதவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். இடைவெளி விட்டு வையுங்கள், வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

இரண்டாம் படி: வெளிச்சத்தை எங்கே உணர்கிறது?

ஜன்னலோரச் செடி வெளிப்பக்கம் சாய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சாய்வைச் செடியின் எந்த உறுப்பு முடிவு செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கோதுமை.

ஊறவைத்த கோதுமையை ஈரத்துணியில் முளைகட்டி, சிறு கிண்ணத்து மண்ணில் நட்டு இருட்டில் வையுங்கள். மூன்று நான்கு நாளில், இலை வெளிவரும் முன், குருத்தை மூடிய வெள்ளை உறையொன்று இரண்டு செ.மீ. அளவுக்கு நேராக நிற்கும். அந்த நிலையில் பிடிக்க வேண்டும். அதைக் கிழித்து இலை எட்டிப் பார்த்துவிட்டால் சோதனை சரியாக வராது. முளைகளை மூன்று பங்காகப் பிரியுங்கள். சிலவற்றின் நுனியில் அலுமினியத் தாளால் செய்த அரை செ.மீ. குல்லாய் போடுங்கள். தீக்குச்சி முனையில் தாளைச் சுற்றி எடுத்தால் குல்லாய் எளிதாக வரும். சிலவற்றுக்கு நுனியை விட்டுவிட்டு அடிப்பகுதியில் மட்டும் தாளைச் சுற்றுங்கள். மீதியை ஒன்றும் செய்யாமல் விடுங்கள். பிறகு எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஒரு பக்கம் மட்டும் சிறு சதுரம் வெட்டி வெளிச்சம் விடுங்கள்.

மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், சும்மா விட்டவை ஓட்டையை நோக்கி வளைந்திருக்கும். அடியில் தாள் சுற்றியவையும் வளைந்திருக்கும். குல்லாய் போட்டவை நேராக நிற்கும். உணரும் இடம் நுனி, வளையும் இடம் அதற்குக் கீழே. இடையில் ஏதோ ஒன்று செய்தி கொண்டுபோகிறது.

சார்லஸ் டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும் கேனரிப் புல்லின் முளைகளில் இதைச் செய்து 1880-ல் வெளியிட்டார்கள். அந்தச் செய்தி ஒரு வேதிப்பொருள் என்பதை 1920-களில் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட் காட்டினார். ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி, கடற்பாசிக் கூழான அகார் துண்டின் மேல் வைத்தார். பிறகு நுனியை எறிந்துவிட்டு, அந்த அகார் துண்டை மட்டும் வெட்டப்பட்ட தண்டின் ஓரத்தில் ஒருபக்கமாக உட்காரவைத்தார். இருட்டிலேயே தண்டு மறுபக்கம் வளைந்தது. அகாருக்குள் இறங்கியிருந்த அந்தப் பொருளுக்கு ஆக்சின் என்று பெயர். ஒளி ஒரு பக்கமிருந்து வந்தால் ஆக்சின் நிழல் பக்கத்தில் கூடும். அங்குள்ள செல்கள் அதிகம் நீளும். தண்டு ஒளியின் பக்கம் சாயும். வெளிச்சம் செடியை இழுப்பதாக நமக்குத் தோன்றினாலும், உண்மையில் நிழல் பக்கம்தான் அதைத் தள்ளுகிறது.

நேரம் இருந்தால் ஓட்டையைச் சிவப்புக் கண்ணாடித்தாளால் மூடி ஒரு முறையும், நீலத் தாளால் மூடி ஒரு முறையும் செய்யுங்கள். சாய்வதற்கான கட்டளை நீல ஒளியில்தான் இருக்கிறது. சிவப்பில் முளை திசை தெரியாமல் நேராகவே போகும்.

மூன்றாம் படி: டம்ளரைப் படுக்க வையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கண்ணாடி டம்ளரின் உள்பக்கம் ஈரமான டிஷ்யூ தாளைச் சுற்றி, நடுவில் பஞ்சு திணித்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே முளைகட்டிய கொண்டைக்கடலையைச் செருகுங்கள். வேர் இரண்டு செ.மீ. நேராக இறங்கும்வரை இருட்டில் நிற்க வையுங்கள். பிறகு, வேர் நுனியிலிருந்து மேல்நோக்கி ஒரு மி.மீ.க்கு ஒரு புள்ளியாக மை பேனாவால் பத்துப் புள்ளிகள் வையுங்கள். டம்ளரைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

காலையில் வேர் ஒரு முழங்கை மடிந்ததுபோல் கீழே திரும்பியிருக்கும். புள்ளிகளைப் பாருங்கள். மேலே உள்ளவை வைத்தபடியே நெருக்கமாக இருக்கும். நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ளவை மட்டும் விலகிப்போயிருக்கும். வேர் முழுவதும் நீள்வதில்லை, அந்தச் சில மி.மீ.தான் நீள்கிறது, வளைவதும் அங்கேதான். வேர் நுனியில் தொப்பிபோல் ஓர் உறை இருக்கிறது. அதன் செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் உண்டு. அவை கனமானவை. வேரைப் படுக்க வைத்ததும் மணிகள் மெல்ல உருண்டு புதிய அடிப்பக்கத்தில் போய்த் தங்கும். ஜாடியைச் சாய்த்தால் உள்ளிருக்கும் கடுகு சரிவதுபோல. அதை வைத்துத்தான் வேருக்குக் கீழ் எது என்று தெரிகிறது. உடனே ஆக்சின் அடிப்பக்கமாகத் திருப்பி விடப்படும்.

ஆனால் இங்கே ஒரு முரண் உண்டு. தண்டில் ஆக்சின் கூடினால் வளர்ச்சி கூடியது. வேரில் அதே அளவு ஆக்சின் வளர்ச்சியைத் தடுக்கும். அதனால் வேரின் மேல்பக்கம் நீண்டு, கீழ்நோக்கி வளைகிறது. ஒரே பொருள், ஒரே நேரத்தில், தண்டை மேலேயும் வேரைக் கீழேயும் அனுப்புகிறது. இதை முதல்முறை புரிந்துகொண்ட அன்று நான் வெகுநேரம் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒரு கட்டம் போக விரும்பினால், சில விதைகளில் வேரின் கடைசி ஒரு மி.மீ.ரைப் புது பிளேடால் நறுக்கிவிட்டுப் படுக்க வையுங்கள். பிள்ளைகள் பிளேடைத் தொட வேண்டாம், பெரியவர்கள் செய்யுங்கள். நறுக்கிய வேர் வளரும், ஆனால் வளையாது. திசை தெரியாமல் கிடைமட்டமாகப் போய்க்கொண்டே இருக்கும். சில நாளில் நுனி மீண்டும் உருவானதும் திரும்பத் தொடங்கும்.

வேரை இழுப்பது புவியீர்ப்புதானா, ஈரமா, இருட்டா என்ற கேள்விக்கு 1806-லேயே இங்கிலாந்தில் தாமஸ் நைட் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடைத் தண்ணீரால் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டிவிட்டார். வேர்கள் எல்லாம் சக்கரத்தின் வெளிப்பக்கமும், தண்டுகள் எல்லாம் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. சுழற்சியின் விசையை அவை புவியீர்ப்பாக எடுத்துக்கொண்டன.

ஊரில் நிலம் இருப்பவர்கள் இதையே நிலக்கடலைக் காட்டில் பாருங்கள். பூ மேலே பூக்கிறது, கடலை மண்ணுக்குள் விளைகிறது. கருவுற்ற பூவின் அடியிலிருந்து விழுது ஒன்று ஊசிபோல் கிளம்பி, தண்டாக இருந்தும் வேரைப்போலக் கீழ்நோக்கி இறங்கும். மண்ணுக்குள் போய் இருட்டைச் சந்தித்த பிறகுதான் நுனி பருத்துக் காயாகும். இறங்க மண் கிடைக்காத விழுது காய்க்காமலே காய்ந்துவிடும். விழுது இறங்கும் பருவத்தில் மண் அணைக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

நான்காம் படி: தொட்டாற்சிணுங்கியிடம் பொறுமை

கையால் தட்டிவிட்டுச் சிரித்துவிட்டுப் போகிற செடி இல்லை இது. ஒரு தொட்டியில் வளர்த்து, காலை பத்து மணி வாக்கில் எதிரே உட்காருங்கள்.

பென்சில் முனையால் ஓர் இலையின் கடைசி இணைச் சிற்றிலைகளை மட்டும் தொடுங்கள். அந்த இணை மூடும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. காம்பை நோக்கி ஒரு வரிசை நகர்வது கண்ணுக்கே தெரியும். அடுத்து வேறோர் இலையின் நுனியில் ஐஸ் கட்டியை வையுங்கள். இந்த முறை சிற்றிலைகள் மூடுவதோடு நிற்காது, முழு இலைக்காம்பும் கையைத் தொங்கப்போட்டதுபோல் விழும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சின்ன வீக்கம் ஒன்று இருக்கிறதே, அதற்கு அதைப்பு என்று பெயர். உணர்வு ஒரு மின்துடிப்பாகப் பாய்ந்து அங்கே வரும். வந்ததும் அதைப்பின் கீழ்ப்பாதிச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறும், பின்னாலேயே தண்ணீரும் போகும். காற்று இறங்கிய டியூபாக அது தளர, காம்பு சாயும். தண்ணீர் திரும்ப ஏறி இலை விரிய ஏறக்குறைய 10 முதல் 20 நிமிடம் ஆகும். எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையிலும் மதியத்திலும் வேறுபடும்.

இந்த மின்துடிப்புகளைக் கல்கத்தாவில் விடாப்பிடியாக அளந்தவர் ஜகதீச சந்திர போஸ். தொட்டாற்சிணுங்கியும், யாரும் தொடாமலே சிற்றிலைகளை ஆட்டிக்கொண்டிருக்கும் தொழுகண்ணியும் அவர் அதிகம் வேலை செய்த செடிகள். செடி வளர்வதை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியை அவரே வடிவமைத்தார். 1917-ல் அவர் தொடங்கிய ஆய்வு நிலையம் இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது.

அப்புறம் இதையும் செய்யுங்கள். அரை அடி உயரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை ஒரே இலையில், அது விரிந்ததும், மீண்டும் மீண்டும் விடுங்கள். சில முறைகளுக்குப் பிறகு அது முழுதாக மூடாது. களைத்துவிட்டதா, பழகிவிட்டதா? பென்சிலால் தொட்டுப் பாருங்கள். உடனே மூடினால் களைப்பில்லை. மோனிகா காகிலியானோவும் உடன் ஆய்ந்தவர்களும் தொட்டியோடு செடிகளை 15 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவைத்து, அவை மூடுவதை நிறுத்தியதையும், ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தும் அப்படியே நடந்துகொண்டதையும் 2014-ல் வெளியிட்டார்கள். இதை நினைவாற்றல் என்று அழைக்கலாமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. வலிக்கிறது, அழுகிறது என்று எழுதுவதை நான் தவிர்க்கிறேன். அது செய்வதை உள்ளபடி பார்ப்பதே போதிய வியப்பைத் தருகிறது.

அதே தொட்டியை மாலையில் பாருங்கள், தானே மூடிக்கொள்ளும். தூங்குமூஞ்சி மரம், புளிய மரம், அகத்தி எல்லாம் இந்தக் கூட்டம்தான். ‘இருட்டினால் மூடுகிறது’ என்று தோன்றும். பிரான்சில் 1729-ல் ழான் ழாக் தெ மெரான் என்ற வானியலாளர் இதைச் சந்தேகித்து, இப்படி இலை மூடும் செடியை இருட்டுக்குள் வைத்தார். வெளிச்சமே படாமலும் காலையில் விரிந்தது, மாலையில் மூடியது. நீங்களும் இரண்டு நாள் அலமாரியில் வைத்துப் பாருங்கள். பார்க்கும்போது விளக்கு போட வேண்டாம், கதவை இம்மியளவு திறந்தால் போதும். செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, வெளிச்சம் அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் நேரம் சரிசெய்து வைக்கிறது.

ஐந்தாம் படி: பாகல் கொடியின் சுருள்

பாகல், பீர்க்கு, சுரை ஏதாவது இருந்தால் போதும். நேராக நீட்டிக்கொண்டிருக்கும் இளம் பற்றுக்கம்பியின் உள்வளைவை ஒரு ஈர்க்குச்சியால் மெதுவாக ஐந்தாறு முறை தடவிவிட்டுக் காத்திருங்கள். சில நிமிடங்களில் நுனி வளையத் தொடங்கும். குச்சியை எடுத்துவிட்டால், ஏமாந்ததை உணர்ந்து சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். குச்சியை அங்கேயே விட்டால் சுற்றிப் பிடித்துக்கொள்ளும்.

பிடித்த கம்பியை ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். நடுப்பகுதி ஸ்பிரிங் ஆகியிருக்கும். அந்த ஸ்பிரிங்கை விரலால் பின்தொடர்ந்து போனால், பாதியில் ஓரிடத்தில் சுழற்சி திசை மாறுவதைக் காண்பீர்கள். ஒரு பாதி இடம்சுழி, மறுபாதி வலம்சுழி. இரண்டு முனையும் கட்டப்பட்ட கயிற்றை நடுவில் முறுக்கினால் இப்படித்தான் ஆகும். வேறு வழியில் அது முறுக முடியாது. காற்றில் கொடி ஆடும்போது கம்பி அறுந்துவிடாமல் நீண்டு சுருங்குவது இந்தச் சுருளால்தான்.

தொடு உணர்வு கொடிக்கு மட்டும் சொந்தமில்லை. அறைக்குள் காற்றுப்படாமல் வளர்த்த கத்தரி, மிளகாய் நாற்றுகளை வெளியே வைத்ததும் சரிந்துவிடுகின்றனவா? தினமும் இரண்டு வேளை, உள்ளங்கையால் நாற்றின் தலைகளை இருபது முறை மெல்ல வருடிவிடுங்கள். இரண்டு வாரத்தில் வருடாத நாற்றைவிட இவை குட்டையாக, தண்டு தடித்து நிற்கும். காற்று அடிக்கும் இடத்தில் இருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டு, உயரத்துக்குப் போகும் வளர்ச்சியைத் தண்டின் பருமனுக்குத் திருப்பிவிடுகின்றன.

ஆறாம் படி: தொங்கும் இலையைப் படிப்பது

இப்போது என் தக்காளிக்கு வருவோம். இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

இரண்டு தக்காளி நாற்றுகளை, ஒரே வயதில், ஒரே அளவுத் தொட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். மற்றதைத் தொட்டியோடு, மண்மட்டம் வரை தண்ணீர் நிற்கும் வாளியில் வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் இரண்டும் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும்.

அருகில் போய்த் தொடுங்கள். காய்ந்த செடியின் இலை துவண்ட துணிபோல் இருக்கும், காம்பும் தளர்ந்திருக்கும். இது தண்ணீர் குறைந்து வந்த தளர்ச்சி. தண்ணீரில் நின்ற செடியில் இலைப்பரப்பு இன்னும் விறைப்பாக இருக்கும். காம்பையும் வளைத்தால் எதிர்க்கும். ஆனால் காம்பு தண்டோடு சேரும் இடத்திலிருந்தே கீழ்நோக்கி வளைந்திருக்கும். இது வளர்ச்சியால் வந்த வளைவு. தண்ணீருக்குள் மூழ்கிய வேருக்குக் காற்று கிடைக்கவில்லை. அந்த நிலையில் வேர் உண்டாக்கும் ஒரு முன்பொருள் மேலே ஏறி, இலையில் எத்திலீன் என்ற வாயுவாகிறது. பழத்தைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான். அது காம்பின் மேல்பக்கச் செல்களை நீளச் செய்ய, காம்பு கீழே இறங்குகிறது. இந்த நேரத்தில் ஊற்றும் ஒவ்வொரு குவளையும் வேரை இன்னும் மூச்சுமுட்ட வைக்கும். நான் நான்கு நாள் செய்தது அதைத்தான்.

ஆகவே தொங்கும் செடியைக் கண்டால் இந்த வரிசையில் போங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் கிடையாது, பையின் அடி ஓட்டைகளைக் குத்திவிடுங்கள், மண்ணை முகர்ந்து பாருங்கள். காய்ந்திருந்தால் நேரத்தைப் பாருங்கள். பூசணி, சுரை போன்ற அகன்ற இலைக்காரர்கள் சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்குத் தொங்குவது இயல்பு. வேர் ஏற்றுவதைவிட இலை விடுவது அதிகமாகும் நேரம் அது. மாலை ஏழு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் கவலை இல்லை. விடியற்காலையிலும் தொங்கினால்தான் உண்மையான தாகம்.

தொங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. வெயில் நேரத்தில் இலையை இரண்டு விரலுக்கு நடுவே பிடியுங்கள். நன்றாக நீர் குடித்த செடியின் இலை, வெயிலில் இருந்தாலும் குளுமையாக இருக்கும். இலைத்துளைகள் வழியே ஆவி போவதால் வரும் குளுமை, மண்பானைத் தண்ணீரைப்போல. மண் காயத் தொடங்கினால் செடி அப்சிசிக் அமிலம் என்ற பொருளை உண்டாக்கி இலைத்துளைகளை மூடிவிடும். அப்போது இலை சுடும். தினமும் தொட்டுப் பழகினால் சில வாரங்களில் கை இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளும். நெல்லும் மக்காச்சோளமும் இதே நிலையில் இலையைக் குழாயாகச் சுருட்டி வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கின்றன.

கடைசிப் படி: அவரையும் இரவும்

இது ஒரு வாரத்தில் முடியாது, பொறுமை வேண்டும். ஆடியில் நாட்டு அவரை போட்டவர்கள் புரட்டாசியில் கவலைப்படத் தொடங்குவார்கள். பந்தல் முழுக்கக் கொடி, ஒரு பூ இல்லை. உரக்கடைக்குப் போவார்கள். போக வேண்டியதில்லை. பழைய நாட்டு அவரை வகைகள் பகல் குறைந்து இரவு நீளும் காலத்துக்காகக் காத்திருப்பவை. கார்த்திகை, மார்கழியில் தானாகப் பூக்கும்.

பகலின் நீளத்தைச் செடிகள் கணக்கெடுக்கின்றன என்பதை அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் புகையிலையிலும் சோயாவிலும் பார்த்து 1920-ல் எழுதினார்கள். செடி உண்மையில் அளப்பது இரவைத்தான் என்பது 1938-ல் தெரிந்தது. நம் தரிசு நிலங்களில் முள்காயோடு நிற்கும் மருளூமத்தையில்தான் ஹாம்னரும் பானரும் அதைக் கண்டார்கள். நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டால் போதும், அது பூக்காமல் நின்றுவிடும். செவ்வந்தி பயிரிடுவோர் சிலர் இரவில் வயலில் பல்பு எரியவிட்டுப் பூப்பைத் தள்ளிப்போடுவதும் இந்தக் கணக்கில்தான்.

எனவே நாட்டு அவரையை நடும்போது, அந்த இடத்துக்கு இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை போய் நில்லுங்கள். தெருவிளக்கோ, மாடி எல்.இ.டி. விளக்கோ நேராக அடித்தால் பந்தலை வேறு மூலைக்கு மாற்றுங்கள், அல்லது அந்த விளக்குக்கு ஒரு மறைப்புக் கட்டுங்கள். முதல் பூ வந்த தேதியை நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு மாதம் தள்ளி விதைத்துப் பாருங்கள், பூக்கும் தேதி எவ்வளவு நகர்கிறது என்று தெரியும். எங்கள் வீட்டில் ஆடியில் போட்டதும் ஆவணிக் கடைசியில் போட்டதும் சில நாள் இடைவெளியில் பூத்தன.